வளைவில் ஆடிய மஞ்சள் துணி

அமெரிக்கக் கார்ப் பந்தயம் ஒன்றை முதன்முதலாக என் போனில் பார்த்தபோது எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான். இந்த மனிதர்கள் ஏன் இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்? முட்டை வடிவத்தில் ஒரு பாதை, அதில் ஒரு கூட்டம் கார்கள். திரும்புகின்றன, திரும்புகின்றன, மறுபடியும் திரும்புகின்றன. மணிக்கணக்கில் ஓடிவிட்டுக் கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கின்றன. அதைப் பார்க்க வந்த சனம் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துகிறது.

என் அண்ணன் அப்போது பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயில் தன் கராஜுக்கு முன்னால் ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தான். குனிந்து போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டேன்.

"ஏண்ணே, இவங்களுக்கு வலது பக்கம் திரும்பவே தெரியாதா?"

"உனக்குக் கேள்வி கேக்கத் தெரியும், பாக்கத் தெரியாது. முன்னுக்குப் போறவன ஏன் பாக்குற? அவன் முதுகுல ஒட்டிக்கிட்டு வர்றான் பாரு, அவன பாரு."

பார்த்தேன். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனுக்குக் கையகலத் தூரத்தில் ஒட்டிக்கொண்டு போகிறான். காற்றை முன்னவன் கிழிக்கிறான், பின்னவன் அந்தச் சுகத்தில் மிதந்துகொண்டே சமயம் பார்க்கிறான். பதுளை ரோட்டில் லொறிக்குப் பின்னால் போகும் எங்கள் சைக்கிள்காரர்கள் செய்வதும் இதேதான். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

வட்டமாகப் போய் அதே இடத்துக்கு வருவதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். நான் பிறந்தது தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். எங்கள் ஊர் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. அதைப் பார்க்க எங்கிருந்தோ வெள்ளைக்காரர்கள் வந்து வெயிலில் நிற்கிறார்கள். ரயில் சுற்றினால் அதிசயம், கார் சுற்றினால் கிறுக்கா?

எனக்கு எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு விட முடியாது. அந்தக் கார்களுக்கு ஏன் ஸ்டாக் கார் என்று பெயர் என்று தோண்டினேன். ஆரம்பத்தில் அவை கடையில் விற்பனைக்கு நின்ற சாதாரணக் கார்களாம். வாங்கியதை வாங்கியபடியே கொண்டுபோய் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது உருவம் மட்டும்தான் அப்படி. முன் விளக்குகள் விளக்குகளே இல்லை, ஸ்டிக்கர்! விளக்குப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கதவு திறக்காது, ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாகத்தான் காலை விட்டு உள்ளே இறங்க வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"அப்ப நம்மளோடதும் ஸ்டாக் கார்தான். பின் கதவு தொறந்து ரெண்டு வருசமாச்சு."

நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். ரீலோட் போடுவது, உடைந்த கண்ணாடி மாற்றக் கொடுப்பதை வாங்கி வைப்பது, போட்டோ கொப்பி எடுப்பது. ஆள் இல்லாத நேரத்தில் நான் பார்த்த ரேஸ்களைப் பற்றித் தமிழில் எழுதி ஒரு போன் குழுவில் போட ஆரம்பித்தேன். யார் ஜெயித்தான், யாருடைய டயர் வெடித்தது, யார் யாரை வேண்டுமென்றே சுவரில் தள்ளினான், அதற்கு அவன் கொடுத்த விளக்கம் எவ்வளவு பெரிய புளுகு என்பதெல்லாம் அதில் வரும். முதலில் அண்ணனும் அவன் கூட்டாளிகளும்தான் படித்தார்கள். பிறகு ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் தோட்டத்துப் பையன்கள், கட்டாரில் வேலை பார்க்கிறவர்கள் என்று குழு பெருத்துவிட்டது. ஒரு நாள் நான் எழுதவில்லை என்றால் "அக்கா, செய்தி எங்க?" என்று உயிரை எடுப்பார்கள்.

பந்தயத்தைவிட அவர்கள் அதிகம் விரும்பிப் படித்தது ரசிகர்களைப் பற்றி எழுதியதைத்தான். அங்கே சனங்கள் வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, ஓடுபாதைக்கு நடுவிலுள்ள மைதானத்தில் நாள்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஓட்டுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து தொப்பியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். தேய்ந்த டயரைக் காசு கொடுத்து வாங்கிப் போய் வீட்டில் வைக்கிறவர்களும் உண்டு. அதை நான் வாசித்துக் காட்டியபோது என் சின்னம்மா சொன்னாள்: "நம்ம லயத்துக் கூரையில கெடக்குற டயரெல்லாம் அனுப்பி வைப்போமா?" சின்னம்மா கொழுந்து எடுக்கிறவள். கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க நாங்கள் டயர் வைப்போம்.

இதெல்லாம் போனில் பார்த்த கூத்து. நிஜக் கூத்து அண்ணனுடையது.

அவனிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. காலையில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும். பகலில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் ஹயர் ஓடும். வருசத்தில் சில நாட்கள் மட்டும் உள்ளே இருக்கும் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரும்புக் குழாய்களை மாட்டி, கதவில் நாற்பத்திரண்டு என்று நம்பரை ஒட்டிக்கொண்டு ரேஸுக்குப் போகும். பாதுகாப்புக்குக் குழாய் மாட்டலாம், மற்றபடி எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பதுதான் அவன் ஓடும் பிரிவின் சட்டம். அதாவது அசல் ஸ்டாக் கார் ரேஸ் அமெரிக்காவில் இல்லை, எங்கள் ஊவா மாகாணத்தில் இருக்கிறது. இதை நான் குழுவில் எழுதியபோது அண்ணன் அந்தப் பதிவை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அண்ணிக்கு மட்டும் காட்டவில்லை. அண்ணிக்கு ரேஸ் என்றால் வேப்பங்காய். அவள் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்தக் கார்தான் வீட்டுக்குச் சோறு. ஒரு ரேஸில் முன்பக்கம் நசுங்கி, பள்ளிப் பிள்ளைகளை வேறு வண்டிக்காரன் ஏற்றிப் போன மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதைவிட, அவளுக்குப் பயம். பயத்தை அவள் பயமாகக் காட்ட மாட்டாள், கோபமாகத்தான் காட்டுவாள். ரேஸ் பார்க்க வருவாள், ஆனால் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் கை ஆட்டும்போது அவள் கை மடியிலேயே இருக்கும். ஒரு தடவைகூட அவள் அவனுக்குக் கை காட்டி நான் பார்த்ததில்லை.

போன வருசம் சித்திரை லீவுக்கு முன்னால், ரேஸ் நெருங்கிய நேரத்தில், இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. நானும் அங்கேதான் இருந்தேன். கடைசியில் அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"இந்த வாட்டி மொத மூணு பேருக்குள்ள வரலேன்னா விட்டுடுறேன். கொழாயக் கழட்டி இரும்புக் கடைக்குப் போட்டுடுறேன். அதுக்கப்புறம் வண்டி ஹயருக்கு மட்டுந்தான். போதுமா?"

"பிள்ளைங்க மேல சத்தியமா சொல்லுங்க."

சொன்னான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் வந்து கண்ணால பாக்குறேன்" என்றாள். அவன் ஜெயிப்பதைப் பார்க்க அல்ல, வாக்கு நிறைவேறுவதைப் பார்க்க. அவன் அதற்கு முன் ஒரு தடவைகூட முதல் மூன்று பேருக்குள் வந்ததில்லை.

ரேஸ் நடந்த இடம் தேயிலை பிடுங்கப்பட்டுக் காடாகிப் போன ஒரு மலையின் அடிவாரம். பழைய தோட்ட ரோட்டை அகலமாக்கி, தார் போட்டு, ஒரு மேட்டைச் சுற்றி வளைத்திருந்தார்கள். விடியக்காலையிலேயே நான் போய்விட்டேன், ஒன்றைக்கூட விட மனசில்லை. மாங்காய் அச்சாறு, சோளம், இறால் பதித்த இஸ்ஸோ வடை, தொப்பி, பனியன் என்று வழி நெடுகக் கடைகள். நிறுத்தியிருந்த கார்களில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு ரேஸ்காரர் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பேனா மை தீர்ந்து, ஐலைனரால் போட்டுக்கொண்டிருந்தார். யாருடைய ஐலைனர் என்று விசாரித்தேன், பதில் கிடைக்கவில்லை. அண்ணன் கார் முன்னாலும் ஒரு சின்ன வரிசை நின்றது. எல்லாம் அவன் தினம் ஏற்றிப் போகும் பள்ளிப் பிள்ளைகள். தினம் உட்காரும் கார்தான், ஆனாலும் சீட் இல்லாத காரைப் பார்க்க அவர்களுக்கு அவ்வளவு ஆவல்.

மைக்கில் சிங்களத்திலும் இங்கிலீஷிலும்தான் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்ச் சனம் பாதிக்கு மேல் வந்திருக்கிறதே, தமிழில் யாரும் சொல்ல மாட்டீர்களா என்று நான் போய்ச் சண்டை பிடித்தேன். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. மைக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் முதல் ஓட்டத்தின்போது நான் பலகைக் கோபுரத்தின் மேல் நின்றேன்.

அன்று எங்கள் தோட்டத்து அம்மன் கோவிலில் காப்புக் கட்டி மூன்றாம் நாள். விரதம் இருக்கும் பெண்கள் எல்லோரும் மஞ்சள் சேலையில்தான் இருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு, மற்றத் தோட்டங்களில் உண்டா என்று தெரியவில்லை. ஆற்றங்கரையில் பூசை செய்து பாலித்த கரகம் கோவிலுக்கு மேலே ஏறி வரும்போது, வழியில் நிற்கும் பெண்கள் மஞ்சள் துணியை ஆட்டி வரவேற்பார்கள். கரகம் தூக்கி வருகிறவருக்குத் தளர்ச்சி வராமல் இருக்க அது என்று சொல்வார்கள். அம்மன் காலடியில் வைத்து எடுத்த துணி.

சின்னம்மாவின் தலைமையில் எங்கள் லயத்துப் பெண்கள் ஒரு லொறியில் வந்து இறங்கி, பாதையின் கடைசிப் பெரிய வளைவுக்கு மேலே உள்ள மேட்டில் கம்பி வேலியை ஒட்டி நின்றுகொண்டார்கள். அண்ணியும் அவர்களோடுதான். கோவில் தப்புக்காரர்களும் கூடவே வந்திருந்தார்கள்.

இரண்டு ஓட்டம். காலையில் ஓடி எந்த இடத்தில் வருகிறார்களோ, அந்த வரிசையில்தான் மத்தியானம் கடைசி ஓட்டத்துக்கு நிறுத்துவார்கள். அண்ணன் அன்று ஓட்டியதுபோல் நான் பார்த்ததே இல்லை. மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். நான் மைக்கில் அவன் நம்பரைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. கடைசிச் சுற்று. பெரிய வளைவு. அங்கே மேட்டில் தப்புச் சத்தம் எழும்பியது, கூடவே மஞ்சள், மஞ்சள், ஒரே மஞ்சள். பத்துப் பதினைந்து பெண்கள் துணியை ஆட்டுகிறார்கள்.

அண்ணன் கார் வேகம் குறைந்தது.

மைக் வாயருகில் இருக்கும்போதே நான் "ஐயோ" என்றேன். மைதானம் முழுக்க அது கேட்டது. கார்ப் பந்தயத்தில் மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்று அர்த்தம். இதை நான் குழுவில் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! கொழுந்து மலையில் நிற்கிறவர்களுக்குப் போன் பார்க்க எங்கே நேரம்? பின்னால் வந்த இரண்டு பேர் மேட்டைப் பார்க்காமல், வளைவில் நிற்கும் கொடிக்காரரை மட்டும் பார்த்து ஓட்டினார்கள். அவர் எந்தக் கொடியும் காட்டவில்லை. அவர்கள் முந்திக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் ஐந்தாவது.

ஓட்டம் முடிந்ததும் நான் மேட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்பே அந்த வளைவின் கொடிக்காரர் வந்திருந்தார். சிங்களவர், வயதானவர், கோபமே வராத முகம். தெரிந்த தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மஞ்சள் காட்ட வாணாம். ட்ரைவர் பயப்படுது. பிளீஸ் சொல்றேன், வாணாம்."

"பிளீஸ் என்னங்க பிளீஸ், நாங்க நம்ம புள்ளைக்கு அம்மன் துணிதானே காட்டுனோம்," என்றாள் சின்னம்மா. நான் விளக்கியதும் அவள் முகம் செத்துப்போனது. பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "சரி, அப்ப செவப்பு காட்டுறோம்."

"செவப்புன்னா ரேஸையே நிப்பாட்டணும் சின்னம்மா."

"வெள்ளை?"

"அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு."

"கறுப்பு?"

"ஆள வெளியில போகச் சொல்றது."

"பச்சை?"

"அது அவங்க மட்டுந்தான் காட்டணும்."

"அடப் போங்கடி! இவனுங்க ஒரு கலரையும் மனுசனுக்கு விட்டு வைக்கலியே. அப்ப எதத்தான் ஆட்டுறது?"

"எதையும் ஆட்டாதீங்க. கும்பிட்டுக்கிட்டு நில்லுங்க." நான் ஒரு பையை விரித்துத் துணிகளை எல்லாம் வாங்கித் திணித்தேன். சேலையை வாங்க முடியாது, அதனால் எல்லோரையும் ஸ்வெட்டர் போடச் சொன்னேன். மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவர்கள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அண்ணி ஓரமாக, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். ஐந்தாவது இடத்திலிருந்து ஒருவன் மூன்றாவதாக வருவது லேசில்லை, அது அவளுக்கும் தெரியும்.

மத்தியான ஓட்டத்துக்கு நான் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மேட்டிலேயே நின்றுகொண்டேன். காவலுக்குத்தான். பை என் கையில். ஓட்டம் தொடங்கியபோது வெயில் இருந்தது. பாதி ஓட்டத்தில் கீழே பள்ளத்திலிருந்து பனி எழும்பி வந்தது. எங்கள் ஊரில் அதைச் சொல்லி வைத்து நிறுத்த முடியாது. அதோடு தூறலும் விழுந்தது.

அண்ணன் நான்காவதுக்கு வந்தான். பின்பு ஒருவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனான், நான் போனில் பார்த்ததுபோலவே, கையகலத் தூரம். நேர்ப்பாதையில் வெளியே எடுத்து முந்தினான். மூன்றாவது! பெண்கள் கை தட்டினார்கள், நான் குதித்தேன். சின்னம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். இன்னும் இரண்டு சுற்று. இந்த இடம் நிலைத்தால் அவன் விரும்பும்வரை ஓடலாம். நிலைக்காவிட்டால் இதுவே கடைசி.

முதல் கார் எங்களைக் கடந்து போனது. இரண்டாவதும் போனது. நான் பெண்களைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தேன், யார் கையிலாவது ஏதாவது இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு. அப்போது என் கையிலிருந்த பை வெடுக்கென்று இழுபட்டது.

அண்ணி.

பைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் துணியை உருவினாள். வேலியில் வயிறு அழுந்தச் சாய்ந்து, வரும் பக்கத்தைப் பார்த்து இரண்டு கையாலும் அதை ஆட்டினாள்.

எனக்குக் கண் மண் தெரியாத கோபம். இவ்வளவு தூரம் வந்து, தன் கையாலேயே அவனைத் தோற்கடிக்கப் பார்க்கிறாளே! அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணி, பாவிங்க நீங்க! விடுங்க!" என்று கத்தினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, தோளால் ஒரு தள்ளுத் தள்ளினாள். நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழே அண்ணன் கார் வந்தது. வேகமாகத்தான் வந்தது. வளைவுக்குச் சற்று முன்னால், ஈரத் தாரில் டயர் கிரீச்சிட, அடங்கி, வளைவின் வாயில் ஓரமாக நின்றேவிட்டது. நான்கு பக்கமும் மினுக்கு விளக்கைப் போட்டான். பின்னால் வந்தவர்கள் அவனைப் பார்த்துத் தாங்களும் அடங்கினார்கள்.

நான் எழுந்து, அண்ணி அதுவரை முகம் திருப்பி நின்ற மறுபக்கத்தைப் பார்த்தேன். வளைவுக்கு அப்பால், ஓட்டி வருகிறவர்களுக்கு மேடு மறைக்கும் இடத்தில், இரண்டாவதாகப் போன கார் சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றிருந்தது. பனிக்குள் புகை. காலையில் எங்களிடம் கெஞ்சிய அந்தக் கொடிக்காரர், தன் இடத்தை விட்டு ஓடிப்போய், நடுப்பாதையில் நின்று, ஜன்னல் வழியாக ஓட்டுகிறவரை இழுத்துக்கொண்டிருந்தார். கொடி காட்ட அங்கே வேறு யாரும் இல்லை. அண்ணன் வந்த வேகத்தில் திரும்பியிருந்தால், அவர்கள் இரண்டு பேர் மேலும்தான் போய் விழுந்திருப்பான்.

ரேஸுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவள் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் எங்களில் அவள் மட்டும் அதைக் கண்டாள்.

அடுத்த வளைவிலிருந்து வேறொரு கொடிக்காரர் ஓடி வந்து உண்மையான மஞ்சள் கொடியைக் காட்டினார். காருக்குள் இருந்தவர் வெளியே வந்துவிட்டார், கையில் சிராய்ப்பு மட்டும்தான். மற்றக் கார்கள் குறுக்கே நின்ற காருக்குப் பக்கத்திலிருந்த இடைவெளியால் மெதுவாகப் போயின. அண்ணனின் கார் மட்டும் போகவில்லை. எஞ்சின் அணைந்துவிட்டது, எத்தனை தரம் திருகியும் பிடிக்கவில்லை. நான்கு பேர் தள்ளி அது உறுமியபோது எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். சுழன்று நின்ற அந்தக் காரை விட்டால் அவன்தான் கடைசி.

கார்கள் நிறுத்தும் இடத்துக்கு நாங்கள் இறங்கிப் போனோம். அண்ணன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தான். சின்னம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"காலையில நாங்க ஆட்டுனதுல ஏமாந்தியே. மறுபடியும் நாங்கதான்னு நெனச்சு மிதிச்சிட்டுப் போயிருப்பியோன்னு எனக்கு உசுரே இல்லடா."

"அப்படித்தான் நெனச்சேன் சின்னம்மா. மஞ்சளக் கண்டதும், இவங்க திருந்த மாட்டாங்கன்னு மிதிச்சிக்கிட்டுத்தான் வந்தேன். அப்புறம் பாத்தா இவ." அண்ணியை நோக்கித் தாடையை நீட்டினான். "கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல ஒரு ரேஸுக்கும் இவ எனக்குக் கை காட்டினதில்ல. இவ காட்டுறான்னா வாழ்த்த இல்ல. ப்ரேக்க அமுக்கிட்டேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நான் என்னமோ ஒன்னைத் தோக்கடிக்கத்தான் அண்ணி ஆட்டுறாங்கன்னு நெனச்சேன்ணே."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "நீ ஒலகத்து ரேஸெல்லாம் எழுதுவ. வீட்டுல இருக்குறவளத் தெரியாது. இவ என்னத் தோக்கடிக்கணும்னா காலையிலேயே சாவிய ஒளிச்சி வச்சிருப்பா."

அண்ணி சிரிக்கவில்லை. துணி இன்னும் அவள் கையில்தான் இருந்தது, நனைந்து, சேறாகி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது.

அண்ணன் எழுந்தான். வாக்குக் கொடுத்தவன் அல்லவா. கதவுப் பக்கம் போய்க் குனிந்து, நாற்பத்திரண்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரிக்கத் தொடங்கினான். நான்கு என்ற எண்ணில் பாதி உரிந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் சோளத்தைக் கடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத ஏன் உரிக்கிறீங்க?" என்றாள் அண்ணி.

அவன் திரும்பாமலே சொன்னான்: "சொன்னேன்ல. புள்ளைங்க மேல சத்தியம்."

"பெயிண்ட் போயிரும். விடுங்க."

அவன் கை நின்றது. அண்ணி அவனைத் தள்ளிக்கொண்டு போய், தூக்கிக்கொண்டிருந்த ஸ்டிக்கரைத் தன் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள். சரியாக ஒட்டவில்லை, ஓரத்தில் சுருக்கம் விழுந்தது. பிறகு முன்கதவைத் திறந்து, அந்த மஞ்சள் துணியை நன்றாகப் பிழிந்து, மடித்து, டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினாள்.

"கொழாயக் கழட்டலாமா வேணாமா?" அண்ணன் மெல்லக் கேட்டான்.

"நாளைக்கிப் புள்ளைங்க எங்க ஒக்காரும்? கழட்டி வைங்க." இரும்புக் கடையைப் பற்றி அவள் பேசவில்லை. சின்னம்மாவையும் மற்றப் பெண்களையும், கடைசியாக என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "அடுத்த வருசம் அந்த வளைவுல ஒருத்தரும் ஒண்ணும் தூக்கிக்கிட்டு வரக்கூடாது. துணி நான் மட்டுந்தான் வச்சிருப்பேன்."